மேகச் சேமிப்பும் மேசைக் கணிப்பொறியும்

மத்திய அரசின் ‘மேகராஜ்’ திட்டம் 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது முதல், அரசுத் துறைகளின் தரவுகள் அந்தந்த அலுவலகக் கட்டடத்திலுள்ள கணிப்பொறிகளை விட்டுப் பொதுவான தரவு மையங்களுக்குப் படிப்படியாக இடம் பெயர்ந்து வருகின்றன. 1976-இல் நிறுவப்பெற்ற தேசியத் தகவலியல் மையம் டில்லி, புனே, ஹைதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை நடத்துகிறது. தனியார் நிறுவனங்களுள் மைக்ரோசாஃப்ட் 2015-லும், அமேசான் 2016-லும், கூகுள் 2017-லும் இந்திய மண்ணில் தத்தம் மேக மையங்களைத் திறந்தன. இவற்றைப் போன்ற நிறுவனங்களின் சேவையை அரசுத் துறைகள் பெறுவதற்கென மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தணிக்கை செய்து பட்டியலிடும் முறை ஒன்றையும் வகுத்துள்ளது.

இவ்வளவு பெரிய அமைப்பின் கடைசி முனை எது என்று பார்த்தால், அது ஓர் எழுத்தரின் மேசைமேல் உள்ள கணிப்பொறியே ஆகும். அங்கே, மேகத்தில் உள்ள சேமிப்பகம் வழக்கமான ஒரு கோப்புறையாகவோ, ‘இசட்’ என்ற எழுத்தைத் தாங்கிய ஓர் இயக்ககமாகவோ காட்சியளிக்கிறது. அதனைத் திறக்கலாம், கோப்புகளை இழுத்துப் போடலாம், அழிக்கலாம். பழகிய தோற்றம் ஆதலின் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை என்று அலுவலகங்கள் கருதுகின்றன. ஆனால் ஒரே தோற்றத்துக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று ஏற்பாடுகள் உள்ளன. ஒன்றில் தீங்கற்றதாக இருக்கும் செயல் மற்றொன்றில் ஆவணத்தையே இல்லாமற் செய்துவிடும். இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்புறை என்னும் தோற்றம்

மேகச் சேமிப்பில் இன்று மிகுதியாக வழங்குவது ‘பொருள் சேமிப்பு’ எனப்படும் முறை. அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘எஸ்3’ என்ற பெயரில் இதனைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தது. அதன் இடைமுக மொழியையே பிற நிறுவனங்களின் சேமிப்பகங்களும், சொந்தமாக அமைத்துக்கொள்ளும் சேமிப்பகங்களும் பெரும்பாலும் பின்பற்றுவதால், அது ஒரு பொது வழக்காகவே ஆகிவிட்டது.

இம்முறையில் கோப்புறை என்ற ஒன்று உண்மையில் கிடையாது. ‘வாளி’ என்று பெயரிடப்பட்ட ஒரு பெருங்கலம்; அதற்குள் பெயர்ச்சீட்டு ஒட்டிய பொருள்கள்; அவ்வளவே. பதிவறை ஒன்றில் அலமாரியோ தட்டோ இல்லாமல், ஒவ்வொரு கட்டின் மீதும் ‘வருவாய்/2023/மார்ச்/நிலுவைப் பட்டியல்’ என்று முழுப் பெயரும் எழுதிய சீட்டை ஒட்டித் தரையில் பரப்பி வைத்தது போன்றது அது. சாய்கோடுகளைக் கண்டதும் நம் கணிப்பொறியில் உள்ள கருவி அவற்றைக் கோப்புறைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. அலமாரி திரையில்தான் இருக்கிறது, மையத்தில் இல்லை.

இதன் விளைவுகள் நடைமுறையில் தெரியவரும். ‘மார்ச்’ என்ற கோப்புறையின் பெயரை ‘03’ என மாற்ற விரும்புகிறோம் என்று கொள்வோம். மேசைக் கணிப்பொறியின் சொந்த வட்டில் அது கண்ணிமைக்கும் நேர வேலை. பொதுவகை எஸ்3 வாளியிலோ பெயர் மாற்றம் என்ற செயலே இல்லை. கருவியானது ஒவ்வொரு பொருளையும் புதுப் பெயரில் படியெடுத்துப் பழையதை அழிக்கிறது. பத்தாயிரம் கோப்புகள் இருப்பின் பத்தாயிரம் படிகள், பத்தாயிரம் அழிப்புகள். இடையில் மின்சாரம் தடைப்பட்டால் பாதி பழைய பெயரிலும் பாதி புதிய பெயரிலும் நிற்கும்.

இந்திய மொழிகளில் பெயரிடுவோர் அறிய வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. எஸ்3 முறையில் ஒரு பொருளின் முழுப் பெயர் 1,024 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ், தேவநாகரி முதலியவற்றின் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘கோப்பு’ என்னும் சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து; கணிப்பொறிக்கு ஆறு குறியீடுகள்; சேமிப்பில் 18 பைட்டுகள். லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கமாக ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகளே வரம்பாதலின், 85 குறியீடுகளைத் தாண்டிய தமிழ்ப் பெயரை அது ஏற்காது. விண்டோஸில் 255 குறியீடுகள் வரை இடமுண்டு. விண்டோஸ் கணிப்பொறியில் முறையாகத் திறந்த கோப்பு லினக்ஸ் சர்வருக்குச் செல்ல மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். மேலும், ‘கோ’ என்பதை இரு குறியீடுகளாலும் எழுதலாம், மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றும் அவ்விரு பெயர்களையும் சேமிப்பகம் இரு வேறு பொருள்களாகவே கொள்ளும். கடிதத்தின் பொருளை முழுவதுமாகக் கோப்பின் பெயராக எழுதும் நம் அலுவலகப் பழக்கம் இங்கே பொருந்தாது. எண்ணும் ஆண்டும் கொண்ட சுருக்கமான பெயரும், பொருள் விவரத்துக்குத் தனியே ஒரு பதிவேடும் இருப்பதே நல்லது.

ஏற்றி இறக்கும் கருவிகள்

மூன்று ஏற்பாடுகளுள் முதலாவது மிக எளிது. வின்எஸ்சிபி, சைபர்டக், ஃபைல்ஜில்லா போன்ற கருவிகள் திரையில் மையத்தின் கோப்புகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் சில நம் கணிப்பொறியின் கோப்புகளையும் பக்கத்திலேயே காட்டுகின்றன. நாம் பெயர்த்தால் மட்டுமே எதுவும் பெயரும். ஒரு கோப்பை அங்கிருந்தே திறந்து திருத்தினால், கருவி அதனைத் தற்காலிகமாக நம் கணிப்பொறிக்கு இறக்கி, சேமித்த பிறகு மீண்டும் ஏற்றுகிறது. இரு பக்கமும் இரு தனிப் படிகள் என்பது கண்ணெதிரே தெரிவதால் மயக்கத்துக்கு இடம் குறைவு. எனவே முதன்முதலாகப் பழகுவோர் இவ்வகையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதில் கணக்கிட வேண்டியது நேரம். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றும் இணைப்பு ஒன்று முழு வேகத்தில் இடைவிடாது இயங்கினாலும் 100 ஜிகாபைட் அளவுள்ள வருடிய ஆவணங்களை அனுப்பி முடிக்க 22 மணி நேரத்துக்கு மேலாகும். இணைப்பு நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகமே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அறுபட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பதும், அலுவலக நேரம் முடிந்தபின் ஏற்றுவதும், முடிந்ததும் இரு பக்கக் கோப்புகளின் சரிபார்ப்பெண்ணை ஒப்பிடுவதும் இன்றியமையாதன. கோப்பின் அளவு ஒத்திருப்பது மட்டும் போதிய சான்றாகாது.

ஒத்திசைவும் அதன் இடர்களும்

இரண்டாவது ஏற்பாடு ஒத்திசைவு. டிராப்பாக்ஸ் 2008-இல் பரவலாக்கிய இம்முறையையே ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் ஆகியவற்றின் மேசைக் கருவிகளும் பின்பற்றுகின்றன. கணிப்பொறியில் ஒரு கோப்புறை. மேகத்தில் அதற்கு ஈடான ஒரு கோப்புறை. ஒன்றில் நிகழும் மாற்றம் மற்றதிலும் தானே நிகழும். வீட்டிலும் கல்லூரியிலும் வெவ்வேறு கணிப்பொறிகளைப் பயன்படுத்தும் மாணவருக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை.

ஆனால் ‘மாற்றம்’ என்பதில் அழிப்பும் அடங்கும். கணிப்பொறியில் இடம் போதவில்லை என்று கருதி அக்கோப்புறையில் உள்ளவற்றை நீக்கினால், மேகத்திலும், அதனோடு இணைந்த ஏனைய கணிப்பொறிகளிலும் அவை நீங்கிவிடும். மேகத்தில் ஒரு படி இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்யும் செயலே அப்படியை அழிக்கிறது. குப்பைத் தொட்டியிலிருந்து மீட்க வாய்ப்புண்டு. எனினும் அதற்குக் காலவரம்பு உண்டு. கூகுள் டிரைவில் 30 நாள். ஒன்டிரைவில் தனியார் கணக்குக்கு 30 நாள், நிறுவனக் கணக்குக்கு இயல்பாக 93 நாள். தணிக்கைக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலுவலகத்தில் இழப்பு தெரியவரும்போது இவ்வரம்புகள் கடந்திருக்கும்.

இடத்தைச் சேமிப்பதற்கு வேறு வழி உண்டு. 2017 முதல் விண்டோஸில் ஒன்டிரைவ் தரும் வசதியின்படி, கோப்பின் பெயர் மட்டும் கணிப்பொறியில் நிற்கும். உள்ளடக்கம் திறக்கும்போது மட்டும் இறங்கும். மேகச் சின்னம் இட்டவை இத்தகையன; பச்சைக் குறியிட்டவை உள்ளடக்கத்தோடு இருப்பவை. ‘இடத்தை விடுவி’ என்ற கட்டளை உள்ளடக்கத்தை மட்டும் கணிப்பொறியிலிருந்து நீக்கும். ‘அழி’ என்ற கட்டளை ஆவணத்தையே நீக்கும். ஒரே பட்டியலில் நிற்கும் இவ்விரு கட்டளைகளின் வேறுபாட்டைப் பணியாளருக்கு வாய்மொழியாகவன்றி எழுத்து மூலமாகவே அறிவுறுத்த வேண்டும்.

தொழில்நுட்பப் பணியாளர்கள் விரும்பும் ‘ஆர்குளோன்’ என்னும் இலவசக் கருவியிலும் இதே கண்ணி உள்ளது. அதில் ‘காப்பி’ என்ற கட்டளை மூலத்திலிருப்பதை இலக்குக்குப் படியெடுக்கும். இலக்கில் கூடுதலாக உள்ளவற்றைத் தொடாது. ‘சிங்க்’ என்ற கட்டளையோ இலக்கை மூலத்தைப் போலவே ஆக்கும். அதாவது மூலத்தில் இல்லாதவற்றை இலக்கிலிருந்து அழிக்கும். மூலத்தின் பெயரையும் இலக்கின் பெயரையும் முன்பின்னாக எழுதி, மூலமாகக் கொடுத்தது வெற்றுக் கோப்புறையாக இருந்துவிட்டால், நிறைந்த சேமிப்பகம் வெறுமையாகிவிடும். கருவி தன் கடமையைச் சரிவரச் செய்ததாகவே அறிவிக்கும். இதற்காகவே ‘டிரை-ரன்’ என்ற முன்னோட்ட வசதி உள்ளது: என்னென்ன அழியும் என்று பட்டியலிடுமேயன்றி எதையும் செய்யாது. வின்எஸ்சிபி கருவியிலும் ஒத்திசைக்குமுன் பட்டியல் காட்டும் ஏற்பாடு உண்டு. முன்னோட்டப் பட்டியலை மேலலுவலர் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே உண்மை இயக்கம் நடைபெறலாம் என்று விதி செய்யும் அலுவலகம் சற்று மெதுவாக நடக்கலாம். ஆனால் அதன் பதிவறை காலியாகாது.

இயக்ககமாக இணைத்தல்

மூன்றாவது ஏற்பாட்டில் மேகச் சேமிப்பகமே ஓர் இயக்ககமாக இணைக்கப்படுகிறது. 1999-இல் வரையறுக்கப்பட்ட வெப்டாவ் நெறியும், ஆர்குளோனின் ‘மவுன்ட்’ கட்டளையும், மவுன்டன் டக் போன்ற கருவிகளும் இதற்கு உதவுகின்றன. கணிப்பொறியில் நிலையான படி எதுவும் இராது; எனவே இங்கே அழிப்பது என்பது மையத்தில் நேரடியாக அழிப்பதேயாகும்; கணிப்பொறியின் குப்பைத் தொட்டியில் அது தங்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

‘சேமி’ என்று அழுத்தியவுடன் கோப்பு மையத்தை அடைந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது. ஆர்குளோனில் எழுதுவதற்கான இடைத்தேக்கம் அமைத்திருந்தால், கோப்பு முதலில் அதில் தங்கி, மூடியபின் ஐந்து நொடி கழித்தே இயல்பாக ஏறத் தொடங்கும். பெரிய கோப்பாயின் ஏறி முடியப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் கணிப்பொறியை அணைத்துவிட்டுச் சென்றால், மறுநாள் மற்றொரு மாவட்டத்தில் அதே கோப்பைத் திறப்பவர் பழைய வடிவத்தையே காண்பார். இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திருத்தினால் பொருள் சேமிப்பில் பூட்டு எதுவும் இல்லாமையால் பிந்திச் சேமித்தவருடையது நிற்கும். முந்தியவரின் உழைப்பு அறிவிப்பின்றி மறையும். ஒத்திசைவுக் கருவிகளாவது இத்தகைய நிலையில் பெரும்பாலும் ‘முரண்பட்ட படி’ என்று இரண்டாவது கோப்பொன்றை விட்டுவைக்கும்.

இன்னுமொன்று, செலவு பற்றியது. படக் கோப்புகளின் சிறு உருவங்களைக் காட்ட விழையும் திரைப் பட்டியலும், நச்சுநிரல் தேடும் மென்பொருளும், தேடல் அட்டவணை தயாரிக்கும் வசதியும் இணைக்கப்பட்ட இயக்ககத்தைச் சொந்த வட்டு என்றே எண்ணி ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கும். ஒவ்வொரு திறப்பும் மையத்திலிருந்து ஓர் இறக்கம். வெளியேறும் தரவுக்குக் கட்டணம் வாங்கும் நிறுவனமாயின், எவரும் எதுவும் படிக்காமலேயே மாத இறுதியில் பட்டியல் வந்து நிற்கும். இணைத்த இயக்ககத்தை இத்தேடல்களிலிருந்து விலக்கி வைத்து, நச்சுநிரல் சோதனையைக் கோப்பு ஏறும் முன்னரே நடத்திவிடுவது பொருத்தமாகும்.

சட்டத்தின் பார்வையில்

மேற்கூறிய பிழைகள் தனிமனிதரின் கணிப்பொறியில் நேர்ந்தால் வருத்தத்தோடு முடியும். அரசு அலுவலகத்தில் அவ்வாறன்று. 1993-ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம், மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், அவற்றின் கீழ்ப்பட்ட பொதுத்துறை நிறுவனங்கள் முதலியவற்றுக்குப் பொருந்துவதாகும். கணிப்பொறியால் உருவாக்கப்படும் பொருளையும் அது பொதுப் பதிவேடு என்றே வரையறுக்கிறது. விதித்த முறைப்படியன்றி அத்தகைய பதிவேட்டை அழித்தலும், முன் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லுதலும் குற்றமாகும். ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அலுவலகப் பணிக்காக வெளியே அனுப்புவதற்கு விலக்கு உண்டு. ஆயினும், எழுத்தர் ஒருவர் தம் வசதிக்காகச் சொந்தக் கணக்கில் ஏற்றிய கோப்பு எந்நாட்டுச் சர்வரில் தங்குகிறது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது என்பதைக் கருதும்போது இவ்விதியின் கனம் விளங்கும்.

2022-ஆம் ஆண்டு அரசு ஊழியர்களுக்காக வெளியிடப்பட்ட இணையப் பாதுகாப்பு நெறிமுறைகளும் இதனையே வலியுறுத்தின. அரசின் உள்துறைத் தகவல்களையும் மந்தணத் தகவல்களையும் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற அரசுசாரா மேகச் சேவைகளில் ஏற்றலாகாது என்று அவை கூறின. நல்ல கருவியா, தீய கருவியா என்ற ஆராய்ச்சிக்கு இங்கே இடமில்லை. கருவி எச்சேமிப்பகத்தோடு இணைகிறது என்பதே கேள்வி. ஆர்குளோனைக் கொண்டு அரசுத் தரவு மையத்தோடும் இணையலாம். அதே கருவியைக் கொண்டு நிறுவனங்களின் தரவைத் திருடிச் செல்லும் கும்பல்களும் உண்டு. எனவே பாதுகாப்புப் பிரிவு அதனை முன்கூட்டியே தடுத்து வைத்திருந்தால் வியப்பதற்கில்லை. எழுத்து மூலம் அனுமதி பெற்றுப் பயன்படுத்துவதே முறை.

திறவுச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேமிப்பகத்தோடு இணைவதற்கான இரகசியச் சாவியைப் பெரும்பாலான கருவிகள் தம் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கின்றன. ஆர்குளோனின் அமைப்புக் கோப்பும் தனிக் கடவுச்சொல் இட்டாலன்றிப் பூட்டப்பட்டிருக்காது. கோப்பைக் கைப்பற்றியவர் சாவியைக் கைப்பற்றியவரே. அலுவலகம் முழுவதற்கும் ஒரே சாவி என்ற ஏற்பாட்டை விடுத்து, ஒவ்வொருவருக்கும் தனிச் சாவியும், படிப்பவருக்குப் படிக்கும் உரிமை மட்டுமும் அளிப்பது கடினமான செயலன்று.

காப்புப் படி எங்கே?

2022 நவம்பர் 23 அன்று டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் சர்வர்களைப் பிணைத்தொகை கோரும் தீநிரல் தாக்கியது. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவு பல நாள்கள் கையெழுத்திலேயே நடைபெற்றது. தாக்குதலுக்கு ஆளாகாத காப்புச் சர்வர் ஒன்று இருந்தமையால் மருத்துவமனைச் சேவைக்கான தரவுகள் மீட்கப்பட்டன என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலம் ஒன்று தீப்பற்றியது. அரசு அலுவலர்களுக்கென்றே அமைக்கப்பட்டிருந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் மேகச் சேமிப்பகம் முற்றிலும் எரிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே காப்புப் படி இல்லை. அலுவலகக் கணிப்பொறியில் வைக்காது எல்லாவற்றையும் ஜி-டிரைவிலேயே வைக்க வேண்டும் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்த பணியாளர் மேலாண்மை அமைச்சகமே பெரிதும் இழந்தது.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டால் மேகமா, சொந்தச் சர்வரா என்பது காப்பை முடிவு செய்யவில்லை என்பது புலப்படும். முதற்படியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இரண்டாம் படி இருந்ததா என்பதே முடிவு செய்தது. ஒத்திசைவு அத்தகைய படியைத் தருவதில்லை. கணிப்பொறியில் தீநிரல் பூட்டிய கோப்பையும் அது ‘மாற்றம்’ என்று கொண்டு மேகத்துக்கு அனுப்பிவிடும். சேமிப்பகத்தில் ‘பதிப்பு காத்தல்’ என்ற வசதியை இயக்கியிருந்தால் முந்தைய வடிவங்கள் நிற்கும். எஸ்3 வாளியில் இவ்வசதி இருக்கும்போது சாதாரண அழிப்புக் கட்டளை பொருளின்மீது ஓர் அழிப்புக் குறியை இடுமேயன்றிப் பொருளை நீக்காது. தீவிபத்துக்கு அது உதவாது. அதற்கு வேறொரு நகரில் உள்ள மையத்திலோ, இணைப்பிலிருந்து கழற்றி வைத்த வட்டிலோ ஒரு படி வேண்டும். அப்படியிலிருந்து சில கோப்புகளை மாதமொரு முறை மீட்டுத் திறந்து பார்த்துத் தேதியோடு குறித்து வைக்கவும் வேண்டும்.

அலுவலர் மாறுதலாகிச் செல்லும்போது நேரும் ஓர் இடரையும் குறிப்பிட வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவர் கணிப்பொறியைத் தூய்மைப்படுத்தும் நோக்கத்துடன் முன்னவரின் கோப்புறைகளை அழிப்பது வழக்கம். முன்னவரின் ஒத்திசைவு இணைப்பு அறுபடாமல் இருந்தால் அத்தூய்மை தரவு மையம் வரை சென்றுவிடும். முதலில் ஏறவேண்டியவை அனைத்தும் ஏறி முடிந்தனவா என்று கருவியின் நிலைக்குறியைப் பார்க்க வேண்டும். பின்னர் கணக்கிலிருந்து வெளியேறி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மையத்தில் கோப்புகள் இருப்பதை வேறொரு கணிப்பொறியிலிருந்து திறந்து உறுதி செய்துகொண்டு, முன்னவரின் சாவியைச் செல்லாததாக்கிய பிறகே இக்கணிப்பொறியிலுள்ள படிகளை நீக்க வேண்டும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை, நாற்காலி, அலமாரிச் சாவி ஆகியவற்றுக்கு அடுத்த வரியாக இதனையும் சேர்த்து, இருவரும் ஒப்பமிடலாம்.